ஓரத்தில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை நிறுத்தினால் போதுமா?

ஒரு திருச்சபையின் இளைஞர் ஐக்கியத்தைச் சேர்ந்த நண்பர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் காது கேளாதோர் பலர் இருக்கிறார்கள். அவர்கள் மத்தியில் ஊழியம் தொடங்க விரும்புகிறோம். ஞாயிறு ஆராதனையில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நிறுத்தினால் போதுமா? படித்தவர்கள் கையில் தமிழ் வேதாகமத்தைக் கொடுத்துவிடலாமே, சைகை மொழியில் தனியாக வேதாகமம் எதற்கு?"

போதாது என்பதுதான் என் பதில். உங்கள் எண்ணம் நல்லது. அதனால்தான் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்த ஊழியத்துக்கு இருநூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. காது கேளாதவர்களே தங்கள் மொழியில், தங்கள் கையில் பொறுப்பை எடுத்துக்கொண்ட இடங்களில் அது வேரூன்றியிருக்கிறது. கேட்கும் திறன் உள்ளவர்கள் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து, காது கேளாதவர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்த இடங்களில் அந்த ஏற்பாட்டாளர் மாற்றலாகிப் போனதும் நின்றுவிட்டது.

முதலில் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. காது கேளாமல் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்பது, கேட்கும் திறன் உள்ள பெற்றோருக்குத்தான் பிறக்கின்றன. அந்த வீட்டில் சைகை மொழி தெரிந்தவர் யாரும் இருப்பதில்லை. மற்றப் பிள்ளைகள் தொட்டிலிலிருந்தே தமிழைக் கேட்டுக் கேட்டு, ஐந்து வயதில் ஆயிரக்கணக்கான சொற்களோடு பள்ளிக்குப் போகிறார்கள். இந்தப் பிள்ளையோ எந்த மொழியும் இல்லாமல், வீட்டுக்குள் புரியும் சில குறிப்புகளோடு மட்டும் போகிறது. காதில் ஒருமுறைகூட விழாத மொழியை எழுத்தின் வழியாக மட்டும் கற்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும் ஒரு நீண்ட தமிழ்ப் பத்தியைப் படித்துப் பொருள் கொள்ளத் திணறுவதற்கு இதுவே காரணம். அறிவுக் குறைவு கிடையாது. போதாக்குறைக்கு நம் வேதாகமத் தமிழ் இருக்கிறது. 'பரிசுத்தமாக்கப்படுதல்', 'கிருபாதாரபலி' போன்ற சொற்களுக்கு, ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர்களே விளக்கம் கேட்கிறார்கள்.

சைகை மொழி என்பது தமிழைக் கையால் எழுதிக் காட்டுவது இல்லை. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அதில் கேள்விச் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். புருவத்தை உயர்த்துவது, தலையை அசைப்பது, உடலைச் சற்றுத் திருப்புவது எல்லாமே இலக்கண உறுப்புகள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கை நகரும் திசையே சொல்லிவிடும். ஊருக்கு ஊர் சொற்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றாக இருப்பதால், சென்னையில் வளர்ந்த காது கேளாதவர் டெல்லிக்காரரோடு சில மணி நேரத்தில் சரளமாக உரையாடத் தொடங்கிவிடுகிறார். கேட்கும் திறன் உள்ள நமக்கு அது வாய்ப்பதில்லை. பல சபைகளில் நடப்பது வேறு. ஆர்வமுள்ள ஒருவர் சில வாரப் பயிற்சியில் நூறு இருநூறு சைகைகளைக் கற்றுக்கொண்டு, பிரசங்கியாரின் தமிழ் வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் கையில் அடுக்குகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுகிறார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்து, "இன்று என்ன சொன்னார்கள்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்தத் தவறு புதிதும் இல்லை. 1760 வாக்கில் பாரிஸ் நகரில் சார்ல் மிஷெல் தெ லெப்பே என்ற குருவானவர் காது கேளாத சகோதரிகள் இருவரைச் சந்தித்தார். அவர்களுக்குப் படங்களைக் காட்டிக் கற்றுக்கொடுத்துவந்த பாதிரியார் இறந்துபோயிருந்தார். மறையறிவு இல்லாமலேயே இவர்கள் வாழ்ந்து முடிந்துவிடுவார்களே என்ற கவலையில் லெப்பே அந்தப் பொறுப்பை ஏற்றார். ஏழைப் பிள்ளைகளும் வரட்டும் என்று கட்டணமின்றிப் பள்ளி நடத்தினார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சைகைகளைத் தாமும் கற்றார். அந்தக் காலத்துக்கு அது பெரிய மனமாற்றம். "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்ற ரோமர் 10:17-ஐ வைத்து, கேட்க முடியாதவருக்கு விசுவாசமும் எட்டாது என்ற எண்ணம் நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பாவில் ஊறிக் கிடந்தது. புனித அகுஸ்தீன் ஒரு விவாத நூலில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி அதற்குத் துணையாகிவிட்டது. காது கேளாதவர்கள் சைகையால் எதையும் பேசிக்கொள்ள முடியும் என்பதற்கு அதே அகுஸ்தீன் வேறு நூல்களில் எடுத்துக்காட்டுத் தருகிறார். அதைப் பிறகு வந்தவர்கள் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் லெப்பேயும் ஓரிடத்தில் சறுக்கினார். மாணவர்களின் இயல்பான சைகை அவருக்குப் போதவில்லை. பிரெஞ்சு இலக்கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சைகையைத் தாமே உருவாக்கிச் சேர்த்தார். பிள்ளைகள் அந்தச் சைகைகளைப் பார்த்துப் பிழையில்லாத பிரெஞ்சு வாக்கியங்களை எழுதினார்கள். பார்வையாளர்கள் வியந்தார்கள். எழுதியதன் பொருள் பிள்ளைகளுக்கு எவ்வளவு விளங்கியது என்று பின்னால் வந்த ஆசிரியர்கள் கேட்டபோது அந்த முறை நிற்கவில்லை. நம் மேடை ஓரத்தில் தமிழைச் சொல் சொல்லாகக் கையில் அடுக்குகிறவர் செய்வதும் இதுவே.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் பயனுள்ள பாடம். தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட் குருத்துவக் கல்வி முடித்த இளைஞர். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில், பக்கத்து வீட்டுச் சிறுமி ஆலிஸ் காக்ஸ்வெல்லுக்குக் காது கேட்காது. அவளுக்காகவும் அவளைப் போன்றவர்களுக்காகவும் கற்பிக்கும் முறையைத் தேடி 1815-இல் கப்பலேறினார். பிரிட்டனில் இந்தக் கல்வியைக் கையில் வைத்திருந்த பிரெய்ட்வுட் குடும்பத்தார் தங்கள் முறையை ரகசியமாகக் காத்து, சொல்லித்தர நிபந்தனை போட்டார்கள். லெப்பே தொடங்கிய பாரிஸ் பள்ளி கதவைத் திறந்து வைத்தது. அங்கிருந்து அவர் கையோடு அழைத்து வந்தது ஒரு புத்தகத்தையோ முறையையோ இல்லை, லோரான் கிளேர் என்ற காது கேளாத ஆசிரியரை. 52 நாள் கப்பல் பயணத்தில் கிளேர் அவருக்குச் சைகை கற்பித்தார். அவர் கிளேருக்கு ஆங்கிலம் கற்பித்தார். 1817 ஏப்ரலில் ஹார்ட்ஃபோர்டு பள்ளி திறந்தது. கேலடெட் புராட்டஸ்டன்ட், கிளேர் கத்தோலிக்கர். கிளேர் தம் மதத்துக்கு முரணான எதையும் கற்பிக்க வேண்டியதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். சுவிசேஷ ஆர்வத்தோடு கிளம்பிய ஒருவர், தம்மோடு வேலை செய்பவரின் மனச்சாட்சிக்கு இந்த அளவு மதிப்புக் கொடுத்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கேலடெட்டின் மகனுக்கும் தாமஸ் என்றே பெயர். தாய்க்குக் காது கேட்காது, மனைவிக்கும் கேட்காது. நியூயார்க்கில் காசநோயால் இறந்துகொண்டிருந்த காது கேளாத மாணவி ஒருவரின் படுக்கையருகே இருந்து ஆறுதல் சொன்ன அனுபவம், குருவாகியிருந்த அவரைக் காது கேளாதோருக்கென்று ஒரு சபை வேண்டும் என்று எண்ண வைத்தது. 1852-இல் காது கேளாதோருக்கென்றே புனித அன்னாள் ஆலயத்தைத் தொடங்கினார். அவருடைய தூண்டுதலில் ஹென்றி விண்டர் சைல் 1876-இல் எபிஸ்கோபல் சபையில் உதவிக்குருவாகவும் 1883-இல் குருவாகவும் அருட்பொழிவு பெற்றார். சைல் முழுமையாகக் காது கேளாதவர். குரலெடுத்து வழிபாடு நடத்த முடியாதவர் எப்படிக் குருவாக முடியும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. பென்சில்வேனியா பேராயர் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டு அவருக்கு அருட்பொழிவு செய்தார். பிலடெல்பியாவில் சைல் கட்டிய ஆலயம் 1888-இல் பிரதிஷ்டையானது. வெளியிலிருந்து வந்து சேவை செய்யும் ஊழியம், அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே எழுகிற சபையாக மாறிய திருப்பம் அங்கேதான் நிகழ்ந்தது.

அதே காலத்தில் எதிர்க்காற்றும் வீசியது. 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. மாநாட்டுத் தலைவர் ஜூலியோ தாரா ஒரு குருவானவர். பேச்சு ஆன்மாவை உயர்த்தும், சைகை புலன்களைத் தூண்டும் என்பது அவர் வாதம். கூடியிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அந்தத் தீர்மானத்தால் காது கேளாத ஆசிரியர்கள் நாடு நாடாக வேலை இழந்தார்கள். சைகை செய்த பிள்ளைகளின் கைகளைக் கட்டி வைத்த பள்ளிகள் உண்டு. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டுத் தொடர், அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள் ஆகின. சைகை மொழிக்குக் கைகொடுத்தவர்களிலும் கையைக் கட்டியவர்களிலும் திருச்சபையின் ஆட்கள் இருந்தார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டும்.

இனி நான் மிகவும் மதிக்கும் ஒருவரைப் பற்றி. ஆண்ட்ரூ ஃபாஸ்டர் 1925-இல் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாமை ஒட்டிய சுரங்கப் பகுதியில் பிறந்த கறுப்பினத்தவர். பதினோரு வயதில் மூளைக்காய்ச்சல் அவருடைய கேட்கும் திறனையும் சகோதரனின் கேட்கும் திறனையும் ஒருங்கே பறித்தது. நிறப் பிரிவினைக் காலம் அது. கறுப்பினக் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் கீழ்வகுப்புகள் வரைதான் படிப்பு. டெட்ராய்ட்டுக்குப் போய் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பள்ளிப்படிப்பை முடித்தார். காது கேளாதோருக்கென்றே வாஷிங்டனில் இருந்த கேலடெட் கல்லூரி பலமுறை மறுத்த பிறகே இடம் கொடுத்தது. 1954-இல் அங்கே இளநிலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 1956-இல் ஆப்பிரிக்கக் காது கேளாதோருக்கான ஒரு மிஷனை நிறுவி, அடுத்த ஆண்டே கானாவின் அக்ராவில் போய் இறங்கினார்.

போன இடங்களில், எங்கள் பகுதியில் காது கேளாத பிள்ளைகளே இல்லை என்று சொன்னார்கள். பிள்ளைகள் இருந்தார்கள், வீடுகள் அவர்களை மறைத்து வைத்திருந்தன. சாபம் என்றும் குடும்ப மானம் என்றும் நினைத்த காலம். ஃபாஸ்டர் தெருத் தெருவாகத் தேடினார். ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் முடிந்த பிறகு அறையை இரவல் வாங்கிப் பாடம் தொடங்கினார். வாரநாளில் எழுத்தும் கணக்கும், ஞாயிறன்று வேதப் பாடமும் சைகையில் நடந்தன. கொஞ்சம் படித்த காது கேளாத இளைஞர்களைப் பயிற்றுவித்து ஆசிரியர்களாக்கினார். பள்ளி ஊன்றியதும் உள்ளூரில் ஒப்படைத்துவிட்டு அடுத்த நாட்டுக்குப் போனார். நைஜீரியாவில் இபாதான், பிறகு பிரெஞ்சு பேசும் நாடுகள் என்று நீண்டு, 13 நாடுகளில் 30-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அவர் வித்திட்டார். மனைவி பெர்டா ஜெர்மனியைச் சேர்ந்த காது கேளாதவர். 1987 டிசம்பரில் ருவாண்டாவில் நடந்த விமான விபத்தில் ஃபாஸ்டர் இறந்தார். பள்ளிகள் இறக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் காது கேளாதோர் சங்கங்களிலும் சபைகளிலும் பள்ளிகளிலும் பொறுப்புக்கு வந்தவர்களில் பலர் அவரிடம் படித்தவர்கள், அல்லது அவரிடம் படித்தவர்களிடம் படித்தவர்கள்.

அந்தப் பிள்ளைகளின் முன்னால் அவர் போய் நின்றதே பாதிப் பிரசங்கம் என்று நான் நினைக்கிறேன். தன்னைப் போலவே காது கேளாத, தன் நிறத்தையே உடைய, பட்டம் பெற்ற ஒரு மனிதர் தன்னோடு கையால் பேசுவதை அக்ராவின் ஒரு சிறுவன் பார்த்தான் அல்லவா! அந்த வேலையை எந்த மொழிபெயர்ப்பாளராலும் செய்ய முடியாது.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஃபாஸ்டர் கையோடு கொண்டுபோனது அமெரிக்க சைகை மொழி. கானா, நைஜீரியா உள்ளிட்ட நாடுகளின் இன்றைய சைகை மொழிகள் அதிலிருந்து கிளைத்தவை. கானாவின் அடமோரோபே கிராமத்தில் பல தலைமுறைகளாக வழங்கிவந்த சொந்தச் சைகை மொழி, பள்ளிமொழியின் நிழலில் இன்று மெலிந்துவருகிறது. பிள்ளைகளுக்கு எந்த மொழியும் இல்லாத நிலையில் ஒரு மொழியைக் கொடுத்தது பெரிய கொடை. ஏற்கெனவே ஒரு மொழி இருந்த இடத்தில் அதைக் கவனிக்காமல் போனது இழப்பு. இரண்டும் உண்மை.

நம் பக்கத்துக்கு வருவோம். பாளையங்கோட்டையில் இன்று பிளாரன்ஸ் ஸ்வைன்சன் பெயரைத் தாங்கி நிற்கும் காது கேளாதோர் பள்ளி, 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அந்த ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி தொடங்கியது. அவரை அனுப்பிய, பெண்கள் மத்தியில் ஊழியம் செய்த செனானா மிஷன் சங்கத்தையே சேர்ந்த மேரி சாப்மன், 1912-இல் இலங்கையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான பள்ளியைத் தொடங்கினார். ரத்மலானையில் இருக்கும் பள்ளி அதுதான். பிறகு பர்மாவுக்குப் போய் ரங்கூனிலும் ஒரு பள்ளி தொடங்கினார். திருநெல்வேலியில் பெண்பிள்ளைக்கே படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், காது கேளாத பெண்பிள்ளைக்கும் எழுத்தும் தொழிலும் கிடைக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார்.

நம் நாட்டுப் பள்ளிகளிலும் மிலானின் பாதிப்பு நெடுங்காலம் இருந்தது. வகுப்பறையில் உதட்டைப் பார், வாயைத் திறந்து பேசு என்றார்கள். மாலையில் விடுதிக்குப் போனதும் பிள்ளைகள் கையால் பேசினார்கள். மூத்த பிள்ளைகளிடமிருந்து இளைய பிள்ளைகளுக்கு, சாப்பாட்டு வரிசையிலும் விளையாட்டுத் திடலிலும் சைகை மொழி கைமாறியது. மிஷன் பள்ளிகள் சைகை மொழிக்குச் செய்த மிகப் பெரிய உதவி, காது கேளாத பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்ததுதான் என்று நான் சொல்வேன். அரசின் பக்கமிருந்து கவனம் வரத் தாமதமானது. இந்திய சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம் டெல்லியில் 2015-இல்தான் அமைந்தது. 2018-இல் 3,000 சொற்களோடு வெளிவந்த அதன் அகராதி 2021-இல் 10,000 சொற்களைத் தொட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் குழு இன்றே பார்க்கத் தொடங்கலாம்.

விடுதியைப் பற்றிச் சொன்னதும் ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். அர்ஜென்டினாவின் மென்டோசாவில் கத்தோலிக்கர்கள் நடத்திய காது கேளாதோர் பள்ளியில் பிள்ளைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய இரு குருக்களுக்கு 2019-இல் 40 ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இதே வகைப் புகார்கள் எழுந்தன. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு: பிள்ளையின் மொழி அதன் பெற்றோருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து சொல்லவும் வழியில்லை. நீங்கள் பிள்ளைகள் மத்தியில் ஊழியம் செய்வதானால், முதலில் பெற்றோருக்குச் சைகை மொழி வகுப்பு நடத்துங்கள். பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனித்திருக்கக் கூடாது என்ற விதியை எழுதி வையுங்கள். சைகை தெரிந்த, உங்கள் ஊழியக்குழுவைச் சேராத ஒருவர் மாதந்தோறும் பிள்ளைகளோடு பேசட்டும்.

இப்போது வேதாகம மொழிபெயர்ப்பு. முழு வேதாகமமும் ஒரு சைகை மொழியில் முதன்முதலாக வெளிவந்தது 2020-இல். அயோவா மாநிலத்தில் இருக்கும் டெஃப் மிஷன்ஸ் என்ற அமைப்பு 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க சைகை மொழியில் பணியைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாக உழைத்து முடித்தது. யெகோவாவின் சாட்சிகளும் அதே ஆண்டில் தங்கள் பதிப்பை முடித்தார்கள். உலகில் 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருப்பதாக ஐக்கிய நாடுகள் சபை சொல்கிறது. இந்திய சைகை மொழியில் வேதாகமக் கதைகளும் பகுதிகளும் காணொளியாகக் கிடைக்கின்றன.

ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். சைகை மொழிக்குப் பரவலான எழுத்து வடிவம் இல்லை. மூலமே காணொளிதான். காது கேளாத மொழிபெயர்ப்பாளர்கள் எபிரெய, கிரேக்கப் பொருளை அறிஞர்களோடு உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். ஒருவர் வரைவைச் சைகையில் செய்து பதிவு செய்கிறார். அதைப் பல ஊர்க் காது கேளாதவர்களுக்குப் போட்டுக் காட்டி, "என்ன புரிந்தது, திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். தவறாகப் புரிந்த இடத்தைத் திருத்த வேண்டுமானால், அச்சில் செய்வது போல ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட முடியாது. அதே ஆள், அதே உடை, அதே வெளிச்சத்தில் மறுபடி நின்று அந்தப் பகுதியைப் பதிவு செய்ய வேண்டும்.

பொருளிலும் எழுத்து மொழிக்கு வராத சிக்கல்கள் வரும். "அக்கரைக்குப் போவோம் வாருங்கள்" என்று இயேசு சொல்வதாகத் தமிழில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. சைகையில் படகு எந்தக் கரையில் நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று காற்றில் இடம் குறித்தாக வேண்டும். அடுத்த அதிகாரத்தில் திரும்பி வரும்போது எதிர்த்திசையில் வர வேண்டும். எனவே கலிலேயாக் கடலின் வரைபடம் மொழிபெயர்ப்பாளரின் மனதில் தெளிவாக இருக்க வேண்டும். இயேசுவின் பெயருக்கு உலகெங்கும் பரவலாக வழங்கும் சைகை, உள்ளங்கைகளை நடுவிரலால் மாறி மாறித் தொடுவது. ஆணித் தழும்பைக் குறிப்பது. பெத்லகேமில் பிறந்த குழந்தையைச் சொல்லும்போதும் கையில் அந்தத் தழும்பு வந்துவிடுகிறது. இதை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்பது காது கேளாத விசுவாசிகள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். வெளியாள் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வாசிக்கத் திணறும் ஒருவர் இப்படிப்பட்ட காணொளியில் ஊதாரி மைந்தன் கதையைப் பார்க்கும்போது நடப்பது வேறு. சைகை செய்பவர் ஒரு கணம் தகப்பனாக நிற்கிறார், உடலைச் சற்றுத் திருப்பியதும் மூத்த மகனாகிவிடுகிறார். முகம் மாறுகிறது, தோள் விறைக்கிறது. மூத்த மகனின் கோபத்தை அச்சில் படித்தபோது கவனிக்காத நானே, சைகையில் பார்த்தபோது அதன் கனத்தை உணர்ந்தேன்.

இனி உங்கள் ஆலயத்துக்குள் வருகிறேன். மொழிபெயர்ப்பாளரை வைக்கத்தான் வேண்டும், அது தொடக்கம் மட்டும். பிரசங்கியாரும் அவரும் ஒரே பார்வைக் கோட்டில் நிற்க வேண்டும். நம் பழைய ஆலயங்களில் தூண்கள் மறைக்கும், பின்பக்கச் சன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். காட்சித்திரைக்காக விளக்குகளை அணைத்தால் அவர்களுக்கு எல்லாமே அணைந்துபோகும். மொழிபெயர்ப்பாளரின் சட்டை தோல் நிறத்திலிருந்து மாறுபட்ட ஒரே நிறத்தில் இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரே செய்தால் மூளை களைத்துத் தவறு வரும். எனவே இருவர் தேவை. பிரசங்கக் குறிப்பு சனிக்கிழமையே அவர்கள் கைக்குப் போக வேண்டும். "கண்களை மூடி ஜெபிப்போம்" என்று சொல்லாதீர்கள். கண்ணை மூடினால் அவர்களுக்கு ஜெபம் நின்றுவிடும். பாடல்களை வரி வரியாக மாற்ற முயலாமல், காது கேளாதவர்களே தாளத்தோடு சைகையில் அமைத்த துதிகளுக்கு நேரம் கொடுங்கள். கேட்கும் திறன் உள்ள சபையார் அதைப் பார்த்துத் தொடரட்டும்.

ஞாயிறு வழிபாட்டைவிடக் கடினமானவை வாரநாள் காரியங்கள். கணவன் மனைவிக்குள் பிரச்சினை, பாவ அறிக்கை, மரணப் படுக்கை போன்ற நேரங்களில் நடுவே மூன்றாம் ஆள் நின்றால் மனம் திறக்காது. ஆயர் தாமே சைகை கற்கத்தான் வேண்டும். கேட்கும் திறன் உள்ள பிள்ளைகளைப் பெற்றோருக்கு மொழிபெயர்க்க வைக்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை தன் தாயின் நோய் விவரத்தைத் தாய்க்கே சொல்ல நேர்வது கொடுமை.

சுகமளிக்கும் கூட்டங்களைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். காது கேளாதவர்களை மேடைக்கு இழுத்து, காதில் கத்தி, "கேட்கிறதா?" என்று கூட்டத்துக்கு முன் கேட்பது அவர்களை அவமானப்படுத்துவது. சிறு வயதிலிருந்து இப்படிப் பல மேடைகளில் ஏற்றப்பட்டு, ஒவ்வொரு முறையும் விசுவாசம் போதாது என்ற பழியோடு இறங்கியவர்கள் ஆலய வாசலையே வெறுக்கிறார்கள். மாற்கு 7-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தம்மிடம் கொண்டுவரப்பட்டவரை இயேசு கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போகிறார். காதில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். செய்யப்போவது என்ன என்று கண்ணால் புரிந்துகொள்ளும்படி அந்த மனிதருக்கு முதலில் காட்டிவிடுகிறார். 'திறக்கப்படு' என்று பொருள்படும் 'எப்பத்தா' என்ற சொல் அதன் பிறகுதான் வருகிறது.

இன்னொன்று, நம் நாட்டில் இதைப் பேசாமல் விட முடியாது. சைகை மொழியும் அறியாமல் வளர்ந்த ஒருவரை அன்பாகக் கவனித்து, சாப்பாடு கொடுத்து, மற்றவர்களோடு வரிசையில் நிறுத்தி ஞானஸ்நானம் கொடுத்தால், அவர் எதற்குச் சம்மதித்தார்? மொழியில்லாதவரிடமிருந்து சம்மதம் பெற முடியாது. முதலில் மொழி. அதற்கு ஓராண்டு ஆகலாம், மூன்றாண்டும் ஆகலாம். மொழி வந்தபின் அவர் கேள்வி கேட்கட்டும், மறுக்கட்டும், வேறு வழியில் போகட்டும். கற்றுக்கொடுத்த மொழி அவருடையதாகவே இருக்கும். மேலும் காது கேளாதோர் சமூகம் சிறியது. ஊரில் இருக்கும் காது கேளாதோர் சங்கத்தில் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த நட்புதான் அவர்கள் வாழ்வின் பெரிய ஆதாரம். உங்கள் ஊழியம் அந்தச் சங்கத்தைப் பிளந்தால், நீங்கள் கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டது அதிகம்.

தலைமையை ஒப்படைப்பது நடக்கக்கூடியதுதான். தென் கொரியாவின் சியோலில் 2007-இல் காது கேளாத ஒருவர் கத்தோலிக்கக் குருவானார். நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், திருச்சூரில் 2024 மே மாதம் திருச்சிலுவைச் சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த ஜோசப் தெர்மடம் குருப்பட்டம் பெற்றார். காது கேளாத, வாய் பேசாத ஒருவர் இந்தியாவில் கத்தோலிக்கக் குருவானது அதுவே முதல்முறை. தமிழ்நாட்டிலும் வேதாகமக் கல்லூரியின் வாசலில் நிற்கத் தகுதியுள்ள காது கேளாத இளைஞர்கள் இருக்கிறார்கள். வகுப்பறையில் மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் உள்ளே போக முடியாமல் இருக்கிறார்கள்.

எனவே முதல் ஆண்டில் ஆராதனையே தொடங்காதீர்கள். உங்கள் குழுவில் நான்கைந்து பேர் காது கேளாத ஆசிரியர் ஒருவரிடம், அவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்து, சைகை மொழி கற்றுக்கொள்ளுங்கள். ஊர்ச் சங்கத்துக்குப் போய் உட்காருங்கள். பேசுவதைவிடப் பார்ப்பது அதிகமாக இருக்கட்டும். மருத்துவமனைக்கும் வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் துணைக்கு வரச்சொல்லி அவர்களே கேட்கத் தொடங்குவார்கள், போங்கள். இரண்டாம் ஆண்டில் ஊழியக்குழு அமைக்கும்போது பாதிக்கு மேல் காது கேளாதவர்கள் இருக்கட்டும், கூட்டம் சைகை மொழியில் நடக்கட்டும். சைகை தெரியாத ஆயருக்குத்தான் அங்கே மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட வேண்டும். ஆராதனை எந்த நாளில், எந்த இடத்தில், எந்த வடிவில் வேண்டும் என்று அந்தக் குழு முடிவு செய்யும். உங்கள் ஆலயத்தில் வேண்டாம், சங்கக் கட்டடத்தில் சனிக்கிழமை மாலை வைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னால், வாடகைக்கும் ஒலி இல்லாத அந்த அறையின் நல்ல விளக்குகளுக்கும் உங்கள் சபை பணம் கொடுக்கட்டும்.